பித்தளைப் பில்டரும் காப்பித் துணியும்

வரலாறு என்றதும் மாணவர் உள்ளத்தில் முதலில் தோன்றுவன கோட்டைகளும் போர்களும் அரசர்தம் ஆட்சியாண்டுகளுமே ஆகும். கல்லிலும் செம்பிலும் ஓலையிலும் பதிந்தவையே வரலாற்றுச் சான்றுகள் எனும் எண்ணம் இன்னும் முற்றாக அகலவில்லை. ஆயினும், எழுதிவைக்க நேரமும் வாய்ப்பும் பெறாத மக்கள், தங்கள் வாழ்க்கையின் சுவடுகளை வேறிடங்களில் விட்டுச் சென்றிருக்கின்றனர். அவ்விடங்களுள் ஒன்று அடுக்களை.

மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்தம் பழைய அடுக்களைகளில் காப்பி வடிப்பதற்கென இருவகைக் கருவிகள் இருந்தன. ஒன்று, அலமாரியில் நிமிர்ந்து நிற்கும் பித்தளைப் பில்டர். மற்றொன்று, சுவரில் ஆணியில் தொங்கும் துணி வடிகட்டி. கைப்பிடியுள்ள கம்பி வளையத்தில் காலுறை போல நீண்ட பை ஒன்று தைக்கப்பட்டிருக்கும். முன்னது ஒரு சில வீடுகளிலும் பின்னது மிகப் பல வீடுகளிலும் காணப்பட்டன. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. வெந்நீரில் காப்பித்தூளின் சாரத்தை இறக்கி, சக்கையைத் தடுத்து நிறுத்துகின்றன. ஒரே மொழி பேசும் மக்களிடையே ஒரே பானத்துக்கு இருவேறு கருவிகள் ஏன் அமைந்தன? இவ்வினாவுக்கு விடை தேடிச் செல்வோர், சுவை வேறுபாட்டில் தொடங்கித் தமிழர்தம் உழைப்பின் வரலாற்றில் சென்று சேர்வர்.

கொட்டையும் வடிகலமும்

காப்பிச் செடியின் தாயகம் எத்தியோப்பியா. அதன் கொட்டையிலிருந்து பானம் செய்து பருகும் வழக்கம் 15ஆம் நூற்றாண்டில் ஏமன் நாட்டுச் சூபி அடியார்களிடையே வேரூன்றியது. இரவுத் தொழுகையில் உறக்கம் வாராதிருக்க அவர்கள் அதனைப் பருகினர். ஏமனின் மோக்கா துறைமுகம் நெடுங்காலம் காப்பி வணிகத்தின் வாயிலாக விளங்கியது. பாபா புதன் எனும் அடியார் மக்காவுக்குச் சென்று திரும்புகையில் ஏழு கொட்டைகளை மறைத்துக் கொணர்ந்து, இன்றைய கருநாடகத்தின் சிக்கமகளூருக்கு அருகிலுள்ள மலையில் ஊன்றினார் என்பது வழிவழி வரும் செய்தி. அம்மலை அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தர் மலபார்க் கரையிலிருந்து காப்பிச் செடியைச் சாவகத்துக்குக் கொண்டு சென்றனர். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சாவகக் காப்பி ஆம்ஸ்டர்டாம் சந்தையில் ஏலத்துக்கு வந்தது.

அரபு நாட்டாரும் துருக்கியரும் காப்பியை வடிக்கவில்லை. நுண்ணிய தூளை நீரிலிட்டுக் கொதிக்கவைத்து, மண்டி கீழே தங்கியபின் மேலுள்ள தெளிவைப் பருகினர். வடிக்கும் முறை ஐரோப்பாவில் வளர்ந்தது. துணிப்பையில் தூளை இட்டு அதன்மேல் வெந்நீர் ஊற்றும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரான்சில் பரவியது. 1800ஆம் ஆண்டையொட்டி, துளையிட்ட அடிப்பாகமுடைய மேற்கலமும் சாரத்தை ஏந்தும் கீழ்க்கலமும் கொண்ட உலோகப் பாத்திரம் பாரிஸ் நகரில் தோன்றியது. அதனை அந்நகரத்துப் பேராயர் தெ பெல்லுவாவின் பெயரோடு சேர்த்துக் கூறுவர். அமெரிக்காவில் பிறந்து ஐரோப்பாவில் புகழ்பெற்ற அறிவியலறிஞர் ரம்ஃபோர்டு பிரபு, 1812இல் காப்பி பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். காப்பியைக் கொதிக்கவிடின் அதன் மணம் ஆவியோடு போய்விடும் என்பதையும், வெந்நீர் தூளின் ஊடே மெல்ல இறங்குதலே தக்க முறை என்பதையும் அவர் விளக்கினார். தூளைச் சமனாக அழுத்திவைக்கத் தட்டு ஒன்று வேண்டும் என்பதும் அவர் கருத்து.

தமிழர் வீட்டுப் பில்டரைப் பிரித்துப் பார்த்தால் இவ்வுறுப்புகள் யாவும் அதில் அமைந்திருக்கக் காணலாம். துளையுள்ள மேற்கலம், தண்டு பொருத்திய அழுத்துதட்டு, கீழ்க்கலம், மூடி என்னும் நான்குமே அதன் உறுப்புகள். இயங்கும் பாகம் எதுவுமில்லை. புவியின் ஈர்ப்பே அதன் பொறி. இதில் தமிழாசிரியர் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. பில்டரில் இறங்கும் சாரத்தைத் தமிழர் டிகாக்ஷன் என்கின்றனர். அந்த ஆங்கிலச் சொல், மருத்துவர் காய்ச்சும் கஷாயம் போலக் கொதிக்கவைத்து எடுத்த சாற்றையே குறிக்கும். பில்டரிலோ கொதித்தல் நிகழ்வதேயில்லை. கருவி மாறியபின்னும் பழைய முறையின் பெயரே அடுக்களையில் நிலைத்துவிட்டது.

பயிரிட்டவருக்குப் பாத்திரமில்லை

காப்பியை வடிக்கும் கலை ஐரோப்பிய மேசைகளில் வளர்ந்துகொண்டிருந்தபோது, கொட்டையை விளைவித்தோரின் நிலை வேறாக இருந்தது. மேற்குச் சுமத்திராவில் ஒல்லாந்தர் 19ஆம் நூற்றாண்டில் கட்டாயக் காப்பிப் பயிரை நடைமுறைப்படுத்தினர். கொட்டை முழுவதும் அரசின் கிடங்குக்குச் செல்ல வேண்டியிருந்தது. மினாங்கபாவ் மக்கள் காப்பிச் செடியின் இலையை நெருப்பில் வாட்டி, நீரில் ஊறவைத்து, தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிப் பருகினர். காவா எனப்படும் அந்த இலைப்பானம் இன்றும் அங்கே கிடைக்கிறது. கொட்டையை விளைத்தவனுக்கு இலையே எஞ்சியது என்பதற்கு அந்தச் சிரட்டை சான்று.

தமிழரின் கதையும் இதனை ஒத்ததே. சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820களில் ஏற்காட்டு மலையில் காப்பியை அறிமுகப்படுத்தினார். குடகு, வயநாடு, நீலகிரி ஆகிய மலைகளிலும் தோட்டங்கள் எழுந்தன. ஆயினும், தமிழரைப் பெருந்திரளாகக் கடல் கடக்கச் செய்தது இலங்கையின் காப்பியே. 1830களிலும் 1840களிலும் கண்டிச் சீமையின் காடுகள் அழிக்கப்பட்டுக் காப்பித் தோட்டங்களாயின. தென்தமிழகத்து மாவட்டங்களிலிருந்து மக்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து காடுகளின் ஊடே மாத்தளை வரை கால்நடையாகவே சென்றனர். காலராவும் அம்மையும் காய்ச்சலும் பசியும் அவ்வழிநெடுக அவர்களைப் பலிகொண்டன. காப்பிப் பழம் ஆண்டின் சில மாதங்களிலேயே பறிக்கப்படுவது. எனவே பலர் பழம் பறிக்கும் காலத்தில் சென்று, பருவம் முடிந்ததும் அதே வழியில் நடந்து ஊர் திரும்பினர்.

1870களின் இறுதியில் இலங்கையில் காப்பி விளைந்த நிலப்பரப்பு இரண்டரை இலட்சம் ஏக்கரைத் தாண்டியிருந்தது. ஆனால் அழிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1869இல் காப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் துகள் படிந்திருக்கக் கண்டனர். இலைத்துரு எனும் பூஞ்சை நோய் அது. 1880இல் இங்கிலாந்திலிருந்து வந்த தாவரவியலறிஞர் மார்ஷல் வார்டு, காற்றில் பறக்கும் நுண்வித்துகளால் அந்நோய் பரவுவதை ஆராய்ந்து காட்டினார். ஆயினும் தடுக்க இயலவில்லை. நூற்றாண்டு முடிவதற்குள் காப்பித் தோட்டங்கள் பெரும்பாலும் தேயிலைத் தோட்டங்களாயின. மலையகத் தமிழிலக்கியத்தின் முதல் நூல்களுள் ஒன்றாக எண்ணப்படும் ஆபிரகாம் ஜோசப்பின் கோப்பிக் கிருஷிக் கும்மி வெளிவந்ததும் நோய் தோன்றிய அதே 1869ஆம் ஆண்டிலேயே என்பது குறிக்கத்தக்கது. ஒரு பயிரின் பெயர் தமிழ் நூலின் முகப்பில் ஏறிய ஆண்டே அப்பயிரின் வீழ்ச்சிக்கும் தொடக்கமாயிற்று.

அக்காலத் தொழிலாளரின் லயத்து வீட்டில் பில்டர் இருந்திருக்க வழியில்லை. அவர்கள் பறித்த பழம் தோல் நீக்கிக் காயவைக்கப்பட்டு, மூட்டையாகக் கொழும்புத் துறைக்கும், அங்கிருந்து இலண்டனுக்கும் சென்றது. காப்பியைப் பற்றி மிகுதியாக அறிந்தவை அவர்தம் கைகளே. அதன் சுவையை அறிந்தவை பிறர் நாவுகள்.

தமிழக அடுக்களையில் பில்டர்

தமிழக நகரங்களின் நடுத்தரக் குடும்பங்களில் காப்பி பரவியது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆகும். அதுவரை விடியற்காலை உணவாகப் பழையதும் நீராகாரமும் இருந்தன. புதிய பானத்தைப் பலர் கண்டித்தனர். உடலைக் கெடுக்கும் என்றும், பெண்களைச் சோம்பலாக்கும் என்றும், குடும்பத்தின் செலவைப் பெருக்கும் என்றும் எழுதினர். வரலாற்றறிஞர் ஆ. இரா. வேங்கடாசலபதி இவ்விவாதங்களை ஆராய்ந்து, காப்பி ஒரு வகுப்பாரின் பண்பாட்டு அடையாளமாக உருப்பெற்ற வகையை விளக்கியுள்ளார். கண்டனங்களால் காப்பி ஒழியவில்லை. ஒரு தலைமுறைக்குள், விருந்தினருக்குக் காப்பி கொடுக்காத வீடு மரியாதை அறியாத வீடு எனும் நிலை உருவாயிற்று.

வீட்டுக் காப்பி எளிய செயலன்று. பச்சைக் கொட்டை வாங்கி, இரும்புச் சட்டியிலோ கரியடுப்பின்மேல் சுழலும் உருளையிலோ வறுக்க வேண்டும். மணம் எழுந்து நிறம் மாறும் தறுவாயில் இறக்காவிடின் தீய்ந்துவிடும். வறுத்த கொட்டையை மேசை விளிம்பிலோ சுவரிலோ பொருத்திய கைமிஷினில் அரைக்க வேண்டும். கைப்பிடியைச் சுற்றும் வேலை பெரும்பாலும் சிறுவருக்கே வாய்த்தது. தூள் மிக நுண்ணிதாயின் பில்டரின் துளைகள் அடைபட்டு நீர் இறங்காது. பருமனாயின் நீர் விரைந்திறங்கிச் சாரம் நீர்த்துப்போகும். சிக்கரி கலந்தால் அது நீரை ஏற்றுப் பருத்து ஓட்டத்தைத் தாமதப்படுத்துவதால் டிகாக்ஷன் நிறம் மிகுந்து இறங்கும். நெப்போலியன் காலத்தில் கடல் வணிகம் தடைபட்டபோது காப்பிக்கு மாற்றாக ஐரோப்பாவில் பெருகிய அந்த வேர், பின்னர்த் தென்னிந்தியக் காப்பியின் நிலையான துணையாயிற்று.

பில்டர் இறங்காமல் நின்றுவிட்ட காலைப்பொழுது எத்தகையது என்பதை அவ்வீடுகளில் வாழ்ந்தோர் அறிவர். வீட்டுத் தலைவி மேற்கலத்தைத் தட்டிப் பார்ப்பாள். மூடியைத் திறந்து மூடுவாள். கரண்டிக் காம்பால் தூளை மெல்லக் கிளறுவாள். அதற்குள் கூடத்திலிருந்து காப்பி கேட்கும் குரல் இருமுறை வந்துவிடும். துளை அடைபட்ட கலத்தை வெறுந்தணலில் காட்டி, ஒட்டிய தூளை எரித்துத் தட்டித் துடைப்பதும் அவள் வேலையே. ஈயம் தேய்ந்த பித்தளையில் காப்பியின் சுவை கெடும். ஆதலால், தெருவில் ஈயம் பூசுவோன் குரல் கேட்டதும் பில்டரும் டபராவும் டம்ளரும் வாயிலுக்கு வந்துவிடும். எவர்சில்வர் பாத்திரங்கள் பெருகிய பின்னரே அவ்வேலை ஓய்ந்தது. பால் வருமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, வீட்டில் உள்ளோர் அனைவரும் பருகியபின் எஞ்சியதைப் பருகியவள் அவளே. காப்பி பெண்ணைச் சோம்பலாக்கும் என எழுதியோர், அவள் எழுந்த நேரத்தை எண்ணிப் பார்க்கவில்லை.

ஒரு முறை வடித்த தூளின்மேல் மீண்டும் வெந்நீர் ஊற்றி எடுப்பது இரண்டாம் டிகாக்ஷன். முதலாவது வீட்டாருக்கும் மதிப்பிற்குரிய விருந்தினருக்கும். இரண்டாவது வேலைக்காரருக்கும் மதிப்புக் குறைந்தோருக்கும் என்பது பல வீடுகளில் எழுதாச் சட்டமாக இருந்தது. டம்ளரும் அவ்வாறே வேற்றுமை கூறியது. விளிம்பு வெளிப்புறம் மடிந்த டம்ளர், உதடு படாமல் அண்ணாந்து பருக ஏற்றது. எச்சில் பற்றிய எண்ணம் பாத்திரத்தின் வடிவிலேயே வார்க்கப்பட்டிருந்தது. நகரத்துக் காப்பி கிளப்புகளில் பிராமணருக்குத் தனியிடம் ஒதுக்கப்பட்டது. பிராமணாள் ஓட்டல் எனும் பெயர்ப்பலகைக்கு எதிராகப் பெரியார் ஈ. வெ. இராமசாமி 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் கிளர்ச்சி நடத்தினார். சிற்றூர்த் தேநீர்க் கடைகளிலோ ஒடுக்கப்பட்டோருக்கெனத் தனிக் குவளை வைக்கும் கொடுமை அதன் பின்னரும் பல்லாண்டு தொடர்ந்தது. ஒரு குவளை எவர் கையில் கொடுக்கப்படுகிறது என்பதில் ஒரு சமுதாயத்தின் நீதி அடங்கியிருந்தது.

மலாயாவின் துணி

இலங்கையில் காப்பி அழிந்தபோது அங்கிருந்த ஆங்கிலத் தோட்டக்காரர் சிலர் மலாயாவை நாடினர். இலைத்துரு நோயை ஓரளவு தாங்கவல்லதும் தாழ்நிலத்தில் விளைவதுமான லைபீரிக்காக் காப்பியை அவர்கள் சிலாங்கூர், பேராக், நெகிரி செம்பிலான், ஜோகூர் ஆகிய பகுதிகளில் பயிரிட்டனர். மலாயாவுக்குத் தமிழர் ரப்பருக்காகவே வந்தனர் எனும் எண்ணம் மாணவரிடையே உண்டு. ரப்பருக்கு முன்பே கரும்புத் தோட்டங்களிலும் காப்பித் தோட்டங்களிலும் தமிழர் உழைத்தனர். 1890களின் பிற்பாதியில் பிரேசில் நாட்டின் மிகைவிளைச்சலால் உலகச் சந்தையில் காப்பியின் விலை வீழ்ந்தது. இலையைத் தின்னும் புழுவும் பயிரைத் தாக்கியது. அந்நேரத்தில், 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, ரப்பர் பயிரிடுமாறு தோட்டக்காரரை வற்புறுத்திவந்தார். மலாக்காவில் டான் சே யான் 1896இல் ரப்பர் பயிரிட்டார். காஜாங்கில் காப்பி பயிரிட வந்த கிண்டர்ஸ்லி சகோதரரும் அக்காலத்திலேயே ரப்பருக்கு மாறினர். காப்பிச் செடிகளுக்கிடையே ரப்பர்க் கன்றுகள் ஊன்றப்பட்டன. கன்றுகள் மரமாயின, காப்பி மறைந்தது, தமிழர் நின்றனர்.

தோட்டத்திலிருந்து காப்பி மறைந்த பின்னர்த்தான் தொழிலாளரின் அடுக்களைக்குள் அது வந்து சேர்ந்தது. ரப்பர் மரத்தில் பால் மிகுதியாகச் சுரப்பது வெயில் ஏறுமுன் ஆகும். எனவே விடியுமுன்பே தொழிலாளர் பெரட்டுக்குச் சென்று பெயர் கொடுக்க வேண்டியிருந்தது. பெண்கள் நான்கு மணிக்கு முன்பே எழுந்து அடுப்பு மூட்டினர். பில்டரில் டிகாக்ஷன் இறங்க ஏறத்தாழ அரைமணி நேரம் வேண்டும். துணி வடிகட்டியிலோ சில நிமிடங்களே போதும். பில்டருக்குப் பித்தளை வேண்டும். துணிக்கு ஒரு முழம் பருத்தியும் ஒரு வளையமும் போதும். தேய்ந்தால் கிழித்தெறிந்துவிட்டு வேறு துணி தைத்துக்கொள்ளலாம். மரத்தின் இயல்பு வேலைநேரத்தை வகுத்தது. வேலைநேரமும் கூலியும் கருவியைத் தேர்ந்தன.

கருவிக்கேற்பத் தூளும் அமைந்திருந்தது. மலாயாவில் காப்பிக்கடைத் தொழிலில் சிறந்து விளங்கியோர் ஹைனான் தீவினர். சீனருள் பிந்தி வந்தவராதலின் பிற தொழில்களில் இடம் கிட்டாமல், ஐரோப்பியர் வீடுகளிலும் கப்பல்களிலும் சமையற்காரராகப் பணியாற்றி, பின்னர்க் கடை வைத்தனர். சீனியும் வெண்ணெய் அல்லது மார்ஜரினும் சேர்த்துக் கொட்டையைக் கருக வறுக்கும் முறை அக்கடைகளில் வேரூன்றியது. அவ்வாறு வறுத்த தூள் பில்டரின் நுண்துளைகளை எளிதில் அடைத்துவிடும். துணியிலோ தடையின்றி வடியும். கறந்த பால் எங்கும் கிட்டாத வெப்பநாட்டில் டின் பால் அதனுடன் சேர்ந்தது. தொழிலாளர் பலர் மாடு வளர்த்துப் பால் கறந்தனர். எனினும், கறந்த பாலை விற்றுக் காசாக்கிவிட்டு, தம் வீட்டில் வரக்காப்பி பருகியோரும் உண்டு.

துணிக்கும் பக்குவம் உண்டு. புதுத்துணியில் கஞ்சி வாடை வீசும். ஆதலால் முதலில் அதனை வெந்நீரில் பலமுறை அலசுவர். சோப்பு இடுதல் ஆகாது. இட்டால் அதன் மணம் காப்பியில் ஏறும். நன்கு அலசாமல் தொங்கவிட்டால் மறுநாள் புளித்த வாடை அடிக்கும். பழகப் பழகத் துணி கறுத்து, அதன் இழைகளில் காப்பி ஊறியபின் வடியும் காப்பிக்கே சுவை மிகுதி என்பது பெண்களின் கருத்தாக இருந்தது. வடித்ததை இரு குவளைகளுக்கிடையே உயர்த்தித் தாழ்த்தி ஆற்றி, மங்குக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தனர். கடையில் வாங்கிச் செல்வோருக்குக் காலியான பால்டின்னே பாத்திரம். அதன் மூடியில் துளையிட்டுச் சணற்கயிறு கட்டித் தருவர். எந்தச் சாதியார்க்கு எந்தக் குவளை எனும் கேள்வி சீனர் கடைக்கு அந்நியமானது. தடித்த பீங்கான் கோப்பை எல்லார்க்கும் ஒன்றே. காசு கொடுத்தவர் யாவரும் நாற்காலியில் அமர்ந்து பருகினர். ஊரில் தனிக் குவளை நீட்டப்பட்ட ஒருவருக்கு அந்தப் பீங்கான் கோப்பை எத்துணைப் பொருளுடையதாக இருந்திருக்கும் என்பதை உணர்வது அரிதன்று.

ஒரே கூரையின்கீழ்

பில்டர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தது வேறொரு வழியில். எழுத்தர், ஆசிரியர், வணிகர் ஆகியோர் குடும்பத்துடன் வந்தபோது அவர்தம் டிரங்குப் பெட்டிகளில் பித்தளைப் பாத்திரங்களும் வந்தன. இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் பணியாற்ற வந்த யாழ்ப்பாணத்தாரிடம் இன்னொரு முறை இருந்தது. அவர்கள் கொட்டையுடன் கொத்தமல்லியும் சுக்கும் சேர்த்து வறுத்து, உரலில் இடித்து, மல்லிக்கோப்பி தயாரித்தனர். தமிழகத்தார்க்குக் காப்பி, ஈழத்தார்க்குக் கோப்பி. மலாய் மொழியிலும் கோப்பி என்றே வழங்குவதால், மலாயாவின் கடைத்தெருவில் அவ்விரு ஒலிப்புகளும் கலந்தன. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் 1947இல் தொடங்கிய கோமள விலாஸ் போன்ற உணவகங்கள், பில்டர் காப்பியை டபரா டம்ளருடன் பொதுமக்கள் முன் வைத்தன.

நாளடைவில் எல்லை மங்கியது. தோட்டத்துப் பிள்ளைகள் படித்து நகரங்களில் குடியேறினர். அவர்கள் வீட்டில் பில்டர் வாங்கி வைக்கப்பட்டது. எழுத்தர் வீட்டுப் பிள்ளைகள் கடைக் காப்பிக்குப் பழகி, வீட்டிலும் துணி கேட்டனர். ஒரே அடுக்களையில் விருந்தினருக்குப் பில்டரும் அன்றாடத்துக்குத் துணியும் எனும் நிலை தோன்றியது. இருப்பினும், பில்டரைப் பெருமையுடன் முன்னே வைத்து, துணியைக் கதவுக்குப் பின்னே மறைக்கும் மனப்பான்மை பலரிடம் இருந்தது. துணி, தோட்டத்து வறுமையை நினைவூட்டியது போலும். வடிக்கும் கருவிகளின் வரலாற்றில் உலோகத்துக்கு மூத்தது துணியே என்பதை அவர்கள் அறிந்திருந்தால், அவ்வெட்கத்துக்கு இடமிருந்திராது.

பொறிகளின் வருகை

20ஆம் நூற்றாண்டில் மேலைநாடுகளில் வீட்டுக் காப்பிக் கருவிகள் விரைந்து மாறின. 1908இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரைச் சேர்ந்த மெலிட்டா பென்ட்ஸ் எனும் இல்லத்தரசி, காப்பியில் மண்டி தங்குவதைப் பொறாமல், மகனின் பள்ளி ஏட்டிலிருந்த மையொற்றுத் தாளை எடுத்து, ஆணியால் துளையிட்ட பித்தளைக் கலத்தில் பரப்பி வடித்தார். தாள் வடிகட்டி பிறந்தது. அவ்வாண்டிலேயே அதற்கு உரிமை பெற்று, தொழில் ஒன்றையும் நிறுவினார். இத்தாலியில் அல்ஃபோன்சோ பியலெட்டி, நீராவியின் அழுத்தத்தால் வெந்நீரைத் தூளின் ஊடே மேலேற்றும் அலுமினியக் கலத்தை 1933இல் உருவாக்கினார். ஏமன் துறைமுகத்தின் பெயரையே நினைவூட்டி, மோக்கா என அது வழங்குகிறது. 1938இல் நெஸ்கஃபே எனும் கரையும் தூள் சுவிட்சர்லாந்தில் விற்பனைக்கு வந்தது. 1954இல் ஜெர்மனியில் மின்சாரத்தால் நீரைச் சுடவைத்துத் தானே சொட்டவிடும் வீட்டுப்பொறி தோன்றியது. 1980களில், தூளைச் சிறு உறையில் அடைத்து, பொத்தானை அழுத்தினால் காப்பி தரும் பொறிகளும் வந்தன.

இவற்றுள் தமிழர் வீட்டை முதலில் மாற்றியது கரையும் தூளே. வறுத்தல், அரைத்தல், வடித்தல் என்னும் மூன்றும் தொழிற்சாலைக்குச் சென்றன. கலக்குதல் மட்டுமே வீட்டில் எஞ்சியது. இதனால் பெண்களின் சுமை குறைந்தது என்பதை மறுத்தல் ஆகாது. நான்கு மணிக்கு எழுந்தவர் ஐந்து மணிக்கு எழலாயினர். பழைய கருவியைப் போற்றுவோர், அக்கருவியின் பின்னிருந்த உறக்கமற்ற கண்களையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும். அதேவேளை, கொட்டையின் நிறத்தைக் கண்டு பதம் அறிதலும், தூளை விரல்களிடையே தேய்த்துப் பருமன் அறிதலும், நீர் சொட்டும் ஒலியைக் கேட்டுப் பில்டரின் நிலை அறிதலும் ஆகிய கைப்பழக்க அறிவு, எந்த நூலிலும் எழுதப்படாமலேயே மறையத் தொடங்கியது. அதனை அறிந்திருந்த பெண்களுள் பலருக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்தவர்க்கு அது எழுதத்தக்கதாகத் தோன்றவில்லை.

சான்றுகள் எங்கே?

இன்றும் மலேசியாவில் விளையும் காப்பியில் பெரும்பகுதி லைபீரிக்காவே. 19ஆம் நூற்றாண்டில் அந்தக் காப்பியை மலாயாத் தோட்டங்களில் ஊன்றிய கைகளுள் தமிழரின் கைகளும் இருந்தன. ஆனால் அவர்கள் பருகிய குவளைகளுள் எத்தனை அருங்காட்சியகம் சென்று சேர்ந்தன? பித்தளைப் பில்டர் எடைக்கு நிறுத்துப் பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. காப்பித் துணி குப்பைக்குப் போகிறது. கைமிஷினின் பிடி எங்கோ கழன்று கிடக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் வெளியேறியபோது, எடுத்துச் செல்லத் தகுதியற்றவை என லயங்களில் விடப்பட்ட பொருள்களுள் இவையும் அடங்கும்.

தமிழ் வகுப்பில் கட்டுரைப் பயிற்சிக்குப் பொருள் தேடும் ஆசிரியர்க்கு இதைவிட நெருங்கிய பொருள் கிடைத்தல் அரிது. மாணவர் ஒவ்வொருவரும் தம் பாட்டியிடம், அந்நாளில் காப்பி எதில் வடித்தார்கள், எத்தனை மணிக்கு எழுந்தார்கள், யாருக்கு முதலில் கொடுத்தார்கள், தாம் எப்போது பருகினார்கள் எனும் நான்கு வினாக்களைக் கேட்டு, விடைகளைப் பாட்டியின் சொற்களிலேயே எழுதி வருவாராயின், ஒரு வகுப்பறைக்குள்ளேயே கண்டிச் சாலையும் கும்பகோணத்துத் தெருவும் காஜாங் தோட்டமும் சிராங்கூன் சாலையும் வந்து கூடும். இந்நான்கு வினாக்களுள் கடைசி வினாவுக்குப் பாட்டியர் உடனே விடை கூறமாட்டார்கள். அதுவரை எவரும் அதனைக் கேட்டிருக்கமாட்டார்கள் என்பதே அதற்குக் காரணம்.